தவணை தவறிய ப்ளம்பர்

அழைப்பு மணி இரண்டாம் முறை அடித்தபோது, ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஜன்னல் திரையை லேசாக விலக்கிப் பார்த்தார். டை கட்டிய இளைஞன், கையில் தோல்பை. பேங்க்காரனேதான். ஐயோ, வசமாக மாட்டிக்கொண்டோமே!

படிப்புக் கடனுக்கென்று மகள் மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து தரும் பணத்தை பேங்கில் கட்டுவது அவர் பொறுப்பு. "எங்கிட்ட விடும்மா, ஒரு நாள் தவறாது" என்று மார்தட்டி வாங்கிக்கொண்ட பொறுப்பு. கடைசி இரண்டு தவணைப் பணத்தில் மட்டும் ஒரு டிரெட்மில் வாங்கிவிட்டார். இப்போது அதன்மேல் துண்டு காய்கிறது. பேங்கிலிருந்து வந்த போனையெல்லாம் "ராங் நம்பர்" என்று சமாளித்தவர், ஆளே வந்து நிற்பான் என்று எதிர்பார்க்கவில்லை. மகளுக்குத் தெரிந்தால் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது? காலமெல்லாம் டிக்கெட் இல்லாதவர்களை விரட்டிப் பிடித்த மனுஷன்!

கதவைத் திறந்தார்.

"வீட்டுக்காரர் இருக்காருங்களா?"

"வெளியூர் போயிருக்கார். நான் ப்ளம்பர்."

"பரவாயில்லைங்க, வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்தேவிட்டான். ப்ளம்பர் என்று சொல்லியாயிற்று, சும்மா நிற்க முடியுமா? சமையலறைக்குப் போய், ஒழுங்காக இருந்த குழாயை ஸ்பேனரால் ஒரு திருகு திருகினார். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீறிட்டு அடித்தது.

இளைஞன் ஓடிவந்து, டையைக் கழற்றி ஓட்டையில் அடைத்தான்.

"மெயின் வால்வு எங்கங்க இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் ப்ளம்பர்.

அவனே தேடிப்பிடித்து மூடினான். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"வீட்டுக்காரர் எப்படிப்பட்டவருங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

இதுதான் சமயம். "பொல்லாத ஆளு! கடன் கிடன்னு வாயெடுத்தா கடிச்சுக் குதறிடுவாரு. பேசாம கிளம்பிடுங்க."

இளைஞனின் முகம் வெளுத்தது. "நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். இருந்தாலும் இன்னைக்குப் பேசாம போறதா இல்லைங்க." பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினான். "நீங்க எதுக்கு ஈரத்துணியோட அவருக்காகக் காத்திருக்கணும்? உங்க கூலியை நான் தர்றேன், வாங்கிக்கோங்க."

பரிசோதகர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். இவ்வளவு நல்ல பையனிடமா இத்தனை பொய்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தம்பி, நான்தான் வீட்டுக்காரன். எம்பொண்ணு ஒழுங்காப் பணம் கொடுத்தா. ரெண்டு தவணையைத் தின்னது நான்தான். அந்த மிஷினை நாளைக்கே வித்துடறேன், குறையறதை பென்ஷன்ல கட்டிடறேன். அவ பேரைக் கெடுத்துடாதீங்க."

"என்னப்பா சொல்றீங்க?"

வாசலில் மகள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள், சொட்டச் சொட்ட நின்ற இளைஞனைப் பார்த்தாள். கோபப்படத்தான் நினைத்தாள், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பா, இவர் பேங்க்ல இருந்து வரலை! 'தவணை தவறுறவங்களை எங்கப்பா வாசப்படி ஏத்தமாட்டார், முதல்ல உங்க படிப்புக் கடனை அடைச்சுட்டு அப்புறம் வந்து பொண்ணு கேளுங்க'ன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்; நேத்துதான் முழுசா அடைச்சாரு!"