மலர்விழி நடத்திய பயனுள்ள பட்டறை

புக்கிட் காத்தில் என்ற ஊரின் சமூக மண்டபத்தில் புதன்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு ஒன்பது பெரியவர்கள் ஹேண்ட்போன் பழகிவந்தார்கள். யாரிடமும் அனுமதி வாங்காமல் பழகினார்கள். அதைவிடப் பெரிய குற்றம், பழகியது அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

சொல்லிக் கொடுத்தவள் மண்டபத்துக் கிளார்க் மலர்விழி. அவளிடம் முறை என்று எதுவும் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவாள். "இங்க அமுக்குங்க. இப்ப நான் கையக் கட்டிக்கிறேன், நீங்களே செய்ங்க" என்பாள். தப்பாகப் போனால் சிரித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வாள். இப்படித்தான் அவர்களில் ஒருவரான பெத்தம்மாள் ஆஸ்பத்திரித் தேதியை வீட்டிலிருந்தே மாற்றக் கற்றுக்கொண்டார்.

விஷயம் மேலிடத்துக்கு எட்டியது. வயதுவந்தோர் கற்றல் செயல்திறன் பிரிவின் அதிகாரி டெஸ்மண்ட் நேரிலேயே வந்துவிட்டார்.

"மிஸ் மலர்விழி, ஆரம்பத்துல அறிமுக விளையாட்டு எத்தன நிமிஷம்?"

"அது செய்றதில்ல சார். எல்லாரும் ஒரே தாமான், பக்கத்துப் பக்கத்து வீடு. இருவது வருஷமா ஒருத்தர ஒருத்தர் தெரியும்."

"தெரிஞ்சாலும் தெரியாத மாதிரிதான் ஆரம்பிக்கணும்லா. சரி, கத்துக்கிட்டதுக்கு ஆதாரம்?"

பெத்தம்மாள் பெருமையாகத் தன் ஹேண்ட்போனை நீட்டினார். டெஸ்மண்ட் அதைப் பார்க்கவேயில்லை.

"ஆதாரம்னா போட்டோம்மா. எல்லாரும் கட்டை விரலத் தூக்கிக்கிட்டு."

அடுத்த வாரமே கடிதம் வந்தது. 'சான்றிதழின்றி நடைபெற்றுவரும் கற்றலை உடனடியாக முறைப்படுத்தும் பொருட்டு' மலர்விழி கிளேபாங் கடலோர ஹோட்டல் ஒன்றுக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பப்பட்டாள். வயதுவந்தோருக்குப் பயனுள்ள பட்டறை நடத்துவது எப்படி என்று அங்கே கற்பித்தார்கள். பெரியவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்பது முதல் நாள் பாடம். ஆகவே அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்களை அவமதிப்பதாகும் என்பது இரண்டாம் நாள் பாடம். மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். மலர்விழிக்கு அந்தப் பாடம் கொஞ்சம் கோணலாகத்தான் பட்டது. ஆனால் சான்றிதழில் அவள் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. அதுவும், ழகரம் ழகரமாகவே இருந்தது.

திரும்பி வந்த முதல் புதன்கிழமை மண்டபமெங்கும் பலூன். டெஸ்மண்ட் கடைசி வரிசையில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். குருபோங்கில் லோரி ஓட்டும் வீரப்பன் அவசரமாக எழுந்தார்.

"மலரு, சனிக்கிழமையோட என் லோரி லைசன்ஸ் செத்துப்போவுது. இந்த ஹேண்ட்போன்ல எப்படிம்மா புதுப்பிக்கிறது?"

மலர்விழியின் கை தானாக நாற்காலியைத் தேடிப் போனது. பின்வரிசையில் பேனா அசைந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"அதப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணே?"

"செத்துப்போவுதுன்னு நினைக்கிறேன்."

"நல்ல கருத்து. இந்த மஞ்சத் தாள்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க."

ஒட்டினார். "இப்ப புதுப்பிக்கலாமா?"

"அண்ணே, லைசன்ஸ் ஒரு பழமா இருந்தா என்ன பழம்?"

பெரிய லோரியை ரிவர்சிலேயே சந்துக்குள் விடுகிற மனிதருக்கு வியர்த்துவிட்டது. "டுரியான்" என்றார் கடைசியில். "புடிக்கவும் முடியல, விடவும் முடியல."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு முழங்கால்களுக்கிடையில் பலூனை இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். மூட்டுவலிக்கார பெத்தம்மாளுக்குச் சலுகையாகச் சின்ன பலூன் வழங்கப்பட்டது. கட்டை விரல்கள் உயர்ந்தன, போட்டோ எடுத்தாயிற்று. "ஒரு விஷயம்கூட சொல்லிக் கொடுக்கல! பிரமாதம்!" என்று டெஸ்மண்ட் மனதாரப் பாராட்டினார்.

வீரப்பன் மட்டும் மஞ்சள் தாளைச் சுவரிலிருந்து உரித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார். அதைப் பார்த்ததும் மலர்விழி பின்னாலேயே ஓடி, பக்கத்தில் தம்புசாமி தேநீர் விற்கும் ஒட்டுக்கடையில் அவரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இங்க அமுக்குங்க அண்ணே."

அவருடைய தே ஆறுவதற்குள் லைசன்ஸ் புதிதாகிவிட்டது.

அதற்கப்புறம் ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. நாலு மணிக்கு மண்டபத்தில் பலூன், ஐந்து மணிக்கு ஒட்டுக்கடையில் படிப்பு. யாரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு மாதம் கழித்து டெஸ்மண்டே அவளைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ் மலர்விழி, பட்டறை ரிப்போர்ட்ட இனிமே இந்தப் புது ஆப்லதான் அனுப்பணுமாம். இன்னிக்கு அஞ்சரைக்குள்ள. எனக்கு உள்ள போகவே தெரியல."

"அதப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"ப்ளீஸ்லா! சொல்லிக் கொடுத்துடுங்க!"

மலர்விழி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாலே நிமிடத்தில், பட்டறை நூறு சதவீதம் பயனளித்தது என்ற அறிக்கை மேலிடம் போய்ச் சேர்ந்தது. டெஸ்மண்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இங்க இவ்வளவு சுலபமா மண்டையில ஏறுதே! இந்த எடத்த இப்படியே விடக்கூடாது."

விடவில்லை. இரண்டே வாரத்தில் திட்டமும் படிவமும் தயாராகின. ஒட்டுக்கடை 'முன்மாதிரிக் கற்றல் மையம்' ஆகும். மலர்விழி அதன் ஒருங்கிணைப்பாளர் ஆவாள். கடை இப்படியே இருக்கட்டுமா, மேம்படுத்தலாமா என்று மக்கள்தான் குறியிட்டுச் சொல்லவேண்டும்.

"என்ன போடறது மலரு?" என்று கேட்டார் வீரப்பன்.

ஒன்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். மலர்விழி தன் கிளாசுக்குள் பார்த்தாள். ஒருங்கிணைப்பாளர் என்பது நல்ல நீளமான சொல். கதவில் போட்டால் எடுப்பாக இருக்கும்.

"மேம்படுத்தலாம்னே போடுங்க அண்ணே."

"தொறப்பு விழாவுல சாப்பாடு உண்டா?" என்றார் பெத்தம்மாள்.

"மீகூன் உண்டும்மா. இலவசப் பையும் உண்டு" என்றார் டெஸ்மண்ட்.

ஒன்பது பேனாக்களும் ஒரே வேகத்தில் ஓடின. பேனரில் தன் பெயர் பெரிதாக வரும் என்று கேள்விப்பட்ட தம்புசாமியும் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் படிவத்தோடு இணைத்திருந்த புதுக் கடையின் வரைபடத்தைப் படித்தார். அடுப்பு இருந்த இடத்தில் மேடை வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் மஞ்சள் தாள் ஒட்டும் சுவர்.

"சார்," என்றார் மெதுவாக, "அப்ப தே எங்க கலக்கறது?"

டெஸ்மண்ட் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பித் தேடினார். அந்தக் கேள்விக்கு அதில் இடம் விடப்படவில்லை.