முதல் அழைப்பை மறுத்தவனின் தகப்பன் எழுதுவது

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். புத்தி நலம் பற்றித்தான் இந்தக் கடிதம். மூன்று நாளாக உங்கள் கைபேசி அணைந்து கிடப்பதால், உங்கள் ஊர்ப் பக்கம் போகும் பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்ப எண்ணியிருக்கிறேன். விஷயம் அவசரம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உங்கள் மருமகன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவன் போடாமல் இருப்பதற்குக் காரணம் நீங்கள்.

வாரப் பத்திரிகையில் அந்த விண்வெளிப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை உங்கள் தங்கை வெட்டி எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். எனக்குப் புரிந்த வரை அதில் இரண்டு செய்திகள். வீரனுக்கு முதலில் ஓர் அழைப்பு வரும், அவன் மறுப்பான், மறுத்தவனைத்தான் பிரபஞ்சம் திரும்பக் கூப்பிடும் என்பது ஒன்று. அந்த மெக்கானிக் வீரன் கடைசியில் கருவியிலிருந்து கையை எடுத்ததால்தான் கலம் இரண்டு கரும் நட்சத்திரங்களுக்கு நடுவே தானாகப் புகுந்து தப்பியது, இதுதான் சீனத்துத் தாவோ ஞானிகள் சொன்ன செய்யாமல் செய்தல், ஆகவே தண்ணீரைப் போல இருங்கள் என்பது இன்னொன்று. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒட்டப்பட்ட எட்டாம் நாள் நம் வீட்டுக்கே ஓர் அழைப்பு வந்துவிட்டது. வால்வு தொழிற்சாலையில் தரச் சோதகர் வேலை. நான்கு வருடத்தில் இருபத்திரண்டு நேர்காணல் போய் வந்தவனுக்கு முதல் நியமனக் கடிதம். அவன் படித்தான், மடித்தான், "வரலைன்னு பதில் போட்டுட்டேன்ப்பா" என்றான்.

"ஏன்டா?"

"இது முதல் அழைப்பு. மறுக்கணும். உடனே ஒத்துக்கிட்டா அவன் வீரன் இல்ல, கூட்டத்துல ஒருத்தன்."

"நாலு வருஷமா உன்னைக் கூட்டத்துலகூடச் சேத்துக்கலையேடா!"

"பாத்தீங்களா? நீங்கதான் வாசல் காவலன். கிளம்புறவனுக்குக் குறுக்க நிக்கிற ஆளு. மாமா எழுதியிருக்காரு."

"நான் எங்கடா குறுக்க நிக்கிறேன்? பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டு இருக்கேன்!"

உங்கள் தங்கையிடம் முறையிடலாம் என்று சமையலறைக்குப் போனால், அங்கே பால் பொங்கி அடுப்பை அணைத்துத் தரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது, அவள் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், என்னம்மா இது என்றால், "அது இயல்புல அது போகுது, விடுங்க" என்கிறாள், போன பால் என் கால்வரைக்கும் வந்துவிட்டது, துடைத்தது நான்தான். மகன் விஷயத்தைச் சொன்னால், "எங்கண்ணன் யோசிக்காம எழுதுமா? ரெண்டாவது தடவை கூப்பிடுவாங்க, பொறுங்க" என்று உங்களுக்கே சான்றிதழ் கொடுக்கிறாள்.

மைத்துனரே, தண்ணீரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். முப்பத்தொரு வருடம் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குச் செல்லம் கொடுத்தால் அது மூன்றாம் மாடிக்கு ஏறாது, சாக்கடைக்குத்தான் போகும். ஏற வேண்டுமென்றால் கீழே ஒரு மோட்டார் உறும வேண்டும், அந்த மோட்டார் பக்கத்தில் ஒருவன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் ஞானிகள் குடித்த தண்ணீரையும் யாரோ ஒருவர்தான் குடத்தில் சுமந்திருப்பார். அதை ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

சரி, படத்தையே பார்க்காமல் பேசக் கூடாது என்று பகல் காட்சிக்குப் போனேன், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. படம் இரண்டு மணி பதினொரு நிமிடம். அதில் வீரன் ஓடுவது நாற்பத்து மூன்று நிமிடம், குழாய் பழுது பார்ப்பது பத்தொன்பது நிமிடம், அடி வாங்குவது பன்னிரண்டு. சும்மா இருப்பது நான்கே நிமிடம், அதிலும் ஒன்றரை நிமிடம் மயக்கம். இதையெல்லாம் தாளில் எழுதி மகனிடம் நீட்டினேன். "நீங்க பாத்தது வெளிப்பயணம்ப்பா, மாமா சொல்றது உள்பயணம்" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் நேற்றுத் தொழிற்சாலைக்கே போய், ஆள் சேர்க்கும் அதிகாரி அம்மாவைப் பார்த்தேன்.

"மேடம், இன்னொரு தடவை கூப்பிட்டா வந்துடுவான்."

"ஒரு தடவை கூப்பிட்டாச்சே. பையனுக்குக் காது கேக்காதா?"

"நல்லாக் கேக்கும். முதல் தடவை மறுக்கணுமாம் மேடம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "வால்வுல கசிவு வந்தாலும் ரெண்டாவது தடவை கசிஞ்சாத்தான் பாப்பாரா?" என்றார். பிறகு வெள்ளி ஐந்து மணி வரை இடத்தை வைத்திருப்பதாகவும், யாரையும் இரண்டாம் முறை கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை என்றும் சொன்னார். அவனுக்கு வயது இருபத்தாறு. இதை விட்டால் இன்னொரு நான்கு வருடம் அவன் தன் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பான். பகலில் அந்தக் கதவு மூடியிருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன். அந்தக் கட்டுரை தவறு, வீரன் முதல் அழைப்பிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று உங்கள் கைப்பட நான்கு வரி எழுதி, வரும் ஓட்டுநரிடமே கொடுத்தனுப்புங்கள். நான் சொன்னால் காவலன், நீங்கள் சொன்னால் குரு.

உங்கள் வீட்டில் தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்பும்,

உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: வெள்ளி, மாலை ஆறு மணி. ஓட்டுநர் விடுப்பில் போய்விட்டதால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. இன்று மூன்று மணிக்கு அதிகாரி அம்மா தொலைபேசியில் அழைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டு வைத்ததில், பட்டியலில் உங்கள் மருமகனுக்கு அடுத்து இருந்த இரண்டு பேரும் வேண்டாம் என்று எழுதிவிட்டார்களாம். இருவரும் அந்த வாரப் பத்திரிகை வாங்குகிறவர்களாம். "உங்க பையனாவது வருவாரா?" என்று கேட்டார். அவன் தேய்த்த சட்டையோடு தயாராக நின்றான். நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான், திங்களன்று வேலைக்குப் போகிறான். ஆகையால் மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். கட்டுரை தவறு என்று தயவுசெய்து எங்கும் எழுதிவிட வேண்டாம். ஒரே ஒரு திருத்தம் மட்டும். கடைசிக் கட்டத்தில் வீரன் வீடு திரும்புகிறான் என்று போட்டிருக்கிறீர்கள். எத்தனை காலம் கழித்து என்று போடவில்லை. முப்பத்திரண்டு வருடம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, என்று அடுத்த இதழில் போட்டுவிடுங்கள்.