என் பெருவிரல் சொன்ன பொய்

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு சான்றிதழும் கூட இருந்துவிட்டால் அவனைத் தடுக்க ஆளில்லை. என்னிடம் இருந்தது. லெமினேட் செய்துகூட வைத்திருந்தேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம். நின்றுபோன இதயத்தை மீட்கும் பயிற்சியைக் கொழும்பில் இரண்டு நாள் முடித்துவிட்டு, கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இளம் டொக்டராக வந்திறங்கினேன். வந்த கிழமையே தாதிமாருக்கு வகுப்பு வைத்தேன். (யாரும் கேட்கவில்லை.) பயிற்சிப் பொம்மை கிடைக்கவில்லை. மருதமுனையில் என் உம்மா பழைய சாரனுக்குள் தறியில் மிஞ்சிய நூலை அடைத்து ஓர் ஆளைத் தைத்துத் தந்தார். தலை மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வகுப்பு முடிவில் இருபது கேள்விகளோடு பரீட்சை.

திருக்கோவில் ஊர்க்காரரான பரமேஸ்வரி மிஸ், என் உம்மாவின் வயதுள்ள மூத்த தாதி, இருபதுக்கு எட்டு எடுத்தார். கேட்டதற்கு மேல் அவர் எழுதிய இடமெல்லாம் சிவப்புப் பேனையால் "தேவையற்ற விளக்கம்" என்று எழுதிப் புள்ளியை வெட்டியிருந்தேன். இன்னும் கொஞ்சம் வாசிக்க வேண்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லியும் வைத்தேன். "ஓம் டொக்டர்" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. இருமலுக்கு மருந்தெடுக்க வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த கல்முனைக்குடி மீன் வியாபாரி ஹனீபா காக்கா அப்படியே சரிந்து விழுந்தார். கூட வந்த மகள் அலறினாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்து, அவர் கழுத்தில் கையை வைத்தேன். (இதற்காகத்தானே லெமினேட் செய்தது.) நாடி தடதடவென்று அடித்தது.

"நாடி நல்லா இருக்கு. வெறும் மயக்கம்தான், பயப்பட ஒண்டுமில்ல" என்றேன் மகளிடம்.

பரமேஸ்வரி மிஸ் முழந்தாளிட்டு ஹனீபா காக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"டொக்டர், அது உங்கட நாடி. பெருவிரல எடுங்க."

எடுத்தேன். அவர் இரண்டு விரல் வைத்துப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. பயத்தில் பறந்துகொண்டிருந்த என் இதயத்தைத்தான் அந்த மனிதருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன். அதற்குள் மிஸ் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டார். என்னை எண்ணச் சொன்னார். எண்ணினேன். (முப்பது வரை எண்ணுவதில் நான் பிழை விடவில்லை.) வார்டிலிருந்து மின்னதிர்ச்சி இயந்திரம் வரும்வரை அந்தக் கைகள் தளரவேயில்லை. இரண்டாவது அதிர்ச்சியில் ஹனீபா காக்காவின் இதயம் திரும்பவும் அடித்தது. இம்முறை நாடி இருக்கிறது என்று மகளிடம் மிஸ்தான் சொன்னார்.

சுனாமியன்று காலை தொட்டுப் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும், கடலிலிருந்து தூக்கி வந்தவர்களின் நெஞ்சை மிஸ் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தாராம். சிற்றூழியர் ஒருவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நான் கொழும்பில் புத்தகத்தோடு இருந்தேன். மிஸ்ஸிடம் போய் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டேன். நாலாவது கேள்வி, நாடியை எங்கே பார்க்க வேண்டும்? "கழுத்தில். பெருவிரலால் பார்க்கக்கூடாது, நம் நாடியே அடிக்கும்" என்று எழுதியிருந்தார். அதன் கீழே என் சிவப்பு எழுத்து. அவரைப் போல ஒருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அடுத்த வகுப்பை அவர்தான் எடுத்தார். நான் முன்வாங்கில் இருந்தேன்.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். போன கிழமை, மோட்டார் சைக்கிளில் பெற்றோல் தாராளமாக இருக்கிறது என்று நான் சொல்ல, பின்னால் ஏறிய இளைய மகள் கேட்டாள்: "வாப்பா, பெருவிரல எடுத்திட்டுத்தானே பார்த்தீங்க?"

பாதி வழியிலிருந்து இருவரும் தள்ளிக்கொண்டு வந்தோம்.