ஆனந்தபுரி 4 மைல்

மலைக்கும் கடலுக்கும் நடுவே அலர்நாடு என்றொரு நாடு. அங்கே அரசர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பிறப்பால் வருவதில்லை, இரண்டாண்டுக்கு ஒருமுறை மக்கள் போடும் வாக்கால் வருவார்கள். போட்டி எப்போதும் இரண்டு வம்சங்களுக்குள்தான்: குடை வம்சம், விசிறி வம்சம். குடை ஆண்டால் வெயில் அடிக்கும், விசிறி ஆண்டால் புழுங்கும் என்று மக்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். சிரித்துவிட்டுப் போய் வரிசையில் நிற்பார்கள். எனக்கு அந்த மக்களைப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலைநகரத்தின் பெயர் மணிமுற்றம். ஊர் நடுவே பாலிகை ஆறு ஓடியது. கரையில் நானூறு குடும்பங்கள் இருந்தன. அரண்மனைக்கு மாவரைப்பது, துணி வெளுப்பது, பல்லக்குத் தூக்குவது, அமைச்சர் வீட்டுக் குழந்தைகளைத் தூங்கவைப்பது எல்லாம் இவர்கள்தான். விசிறி வம்சத்து அரசர் ஒருநாள் மாடியில் நின்று ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டார். ஆறு தெரியவில்லை, வீடுகள் தெரிந்தன. அரசர் மனம் வருந்தியதைக் கண்ட அமைச்சர் இளமாறனார், மக்கள் காற்றோட்டம் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று அன்றே கண்டுபிடித்தார்.

அடுத்த மாதமே நானூறு குடும்பங்களும் பன்னிரண்டு மைல் தள்ளி, உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் குடியேற்றப்பட்டன. அந்த இடத்துக்கு ஆனந்தபுரி என்று பெயர். காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்காது. எல்லா வீடுகளும் ஒரே அச்சு என்பதால் முதல் வாரம் பாதிப் பேர் வீடு மாறி நுழைந்தார்கள். மீன்வலை பின்னும் மாசிலாமணி மூன்று நாள் அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் இலை போட்டார்கள். நான்காம் நாள் அவருடைய மனைவி அம்சவேணி வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

வீடுதான் மாறியது. வேலை மணிமுற்றத்திலேயே இருந்தது. எனவே அரசு நெடுவண்டிகளை விட்டது. வண்டிக்கு எட்டுக் குதிரை, போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அம்சவேணிக்கு அரண்மனைச் சமையற்கட்டில் மாவரைக்கும் வேலை. மாசிலாமணிக்கு ஆறு இல்லாத ஊரில் வலை பின்ன ஆளில்லை. அவளுடைய வேலையில்தான் வீடு ஓடியது. அவள் கிளம்பும்போது மகள் மரிக்கொழுந்து தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போதும் தூங்கிப்போயிருப்பாள். ஒரு வயதுக் குழந்தைக்கு அம்மா என்றால் தலையணையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் வாசனைதான். இதை அம்சவேணி யாரிடமும் சொல்லவில்லை. வண்டியில் நின்றபடி நினைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

நெடுவண்டியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கவே வேண்டாம், பை தானாக மடிக்கு வரும். இன்று நிற்பவர் நாளை உட்காருவார். அலர்நாட்டில் யாரும் திருத்தாமல், யாரும் மீறாமல் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

தேர்தல் வந்தது. குடை வம்சத்தின் தலைவர் ஆனந்தபுரிக்கு வந்து, நான் அரசனானால் இந்த ஊரைத் தலைநகருக்கு அருகில் கொண்டுவருவேன் என்றார். கூட்டம் கைதட்டியது. அவர் வென்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு தூரத்துறை என்ற புதிய துறைக்குத் தரப்பட்டது. அமைச்சர் அதே இளமாறனார். விசிறி ஆட்சியில் மக்களைத் தூரமாக அனுப்பியவரும் அவரே, குடை ஆட்சியில் தூரத்தை ஒழிக்க வந்தவரும் அவரே. அனுபவம் உள்ளவர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டது.

ஊரை நகர்த்துவது கடினம் என்று நிபுணர் குழு அறிக்கை தந்தது. மைல்கற்களைப் பிடுங்குவது எளிது. சாலையோரம் இருந்த பன்னிரண்டு கற்களில் எட்டைப் பிடுங்கினார்கள். மீதி நான்கையும் சம இடைவெளியில் நட்டு, புதிதாக எண் செதுக்கி, மாலை போட்டு, நாதசுரம் வாசித்தார்கள். 'ஆனந்தபுரி 4 மைல்' என்ற கல்லைத் திறந்துவைத்து இளமாறனார் பேசினார். ஒரே நாளில் எட்டு மைல் தூரத்தை ஒழித்த அரசு இந்தப் பூமியில் வேறெங்கும் இல்லை என்றார். தூரம் என்பது விசிறி ஆட்சியின் சதி என்றும் சொன்னார்.

மறுநாள் வண்டிக்காரர் குழந்தைவேலுவிடம் எல்லோரும் கருத்துக் கேட்டார்கள். அவர் சாட்டையைச் சுருட்டியபடி யோசித்தார்.

"கல்லு கிட்ட வந்துடுச்சு. ஊரு இன்னும் வரல. ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்."

ஊர் வரவில்லை. அதற்குப் பதில் ஆணை வந்தது. பன்னிரண்டு மைலுக்கு எட்டுக் குதிரை என்றால் நான்கு மைலுக்கு இரண்டே முக்காலுக்கும் சற்றுக் குறைவு. அரசு தாராள மனத்துடன் மூன்றாக உயர்த்தி அளித்தது. மிச்சமான குதிரைகள் அமைச்சர்களின் ரதங்களுக்குப் போயின. மூன்று குதிரைகள் இழுத்த வண்டி நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. மேட்டில் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். சேவல் விழிப்பதற்கு முன் பெண்கள் விழித்தார்கள்.

அடுத்த ஆணை அரண்மனை வாசலில் ஒட்டப்பட்டது. நான்கு மைல் தொலைவில் இருந்துகொண்டு தாமதமாக வருவது அரசரின் சாதனையை அவமதிப்பது ஆகும். ஒரு தாமதத்துக்கு ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளிக்கு வேலைப் பேரேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். பெயர் போனால் ஆனந்தபுரி வீடும் போகும்.

வாசலில் தண்ணீரால் நேரம் காட்டும் நாழிகை வட்டிலுடன் உட்கார்ந்திருந்தவர் தாண்டவராயர். கெட்டவர் இல்லை. விதி என்றால் அவருக்கு உயிர். மழை பெய்து மேடு சேறான நாளில் அம்சவேணிக்கு முதல் புள்ளி விழுந்தது. புள்ளி வைக்கும்போது அவர் குடை பிடித்து அவளை நனையாமல் பார்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிலைமை இப்படி இருக்க, அடுத்த தேர்தல் நெருங்கியது. இளமாறனார் மக்களோடு மக்களாக ஒருநாள் நெடுவண்டியில் பயணம் செய்வார் என்று பறை அறைந்து அறிவித்தார்கள். முந்தின நாளே ஆனந்தபுரி விருந்தினர் மாளிகைக்கு வந்து தங்கியிருந்த அவர், விடியலில் பட்டு அங்கவஸ்திரத்துடன் வண்டியில் ஏறி மூலை இருக்கையில் அமர்ந்தார். அமர்ந்த மறுகணம் சட்டம் வேலை செய்தது. அம்சவேணியின் பை மடிக்கு வந்தது. அதன்மேல் இன்னொரு பை. அதன்மேல் ஒரு தேங்காய்த் துருவி. கடைசியாக, தூங்கும் கைக்குழந்தை ஒன்று. அமைச்சர் வாய் திறப்பதற்குள் குழந்தையின் தாய், கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும்படி சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் மைல்கல் வருமுன் அமைச்சர் தூங்கிவிட்டார். பாவம், முந்தின நாள் ஏழு கூட்டம். அவர் தலை வண்டியின் தூணில் முட்டுவதைப் பார்த்த அம்சவேணி, தன் முந்தானை நுனியைச் சுருட்டித் தூணுக்கும் தலைக்கும் நடுவே வைத்தாள். குழந்தைவேலு பள்ளங்களில் மெதுவாக ஓட்டினார். மேட்டில் தள்ளியவர்கள்கூடச் சத்தம் போடாமல் தள்ளினார்கள். அதனாலேயே வண்டி இன்னும் தாமதமானது. யாரும் எழுப்பச் சொல்லவில்லை.

அரண்மனை வாசலில் அமைச்சர் கண் விழித்தார்.

"அதற்குள் வந்துவிட்டதா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் துருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்கு மைல்கூட அதிகம் என்று தோன்றுகிறது என்றார். தாண்டவராயர் நாழிகை வட்டிலைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார், பிறகு பேரேட்டைத் திறந்தார். வண்டியில் வந்த அத்தனை பேருக்கும் புள்ளி. அம்சவேணிக்கு அது இரண்டாவது. அமைச்சரும் இதே வண்டியில்தானே வந்தார் என்று அவள் கேட்டாள். அமைச்சரால் தாமதம் உணரப்படவில்லை, உணரப்படாத தாமதம் பதிவுக்கு வராது என்று விளக்கம் கிடைத்தது.

அன்று மாலை வண்டியில் அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்னும் ஒரு புள்ளி. ஒரு மழை, ஒரு குதிரையின் நொண்டல், போதும்.

வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது இரண்டு வம்சங்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரு விஷயம் தெரியவந்தது. ஆனந்தபுரி மக்களின் பெயர்கள் இன்னும் ஆற்றங்கரைப் பட்டியலில்தான் இருந்தன. சென்ற தேர்தலில் எட்டுக் குதிரை வண்டி இருந்ததால் இது யாருக்கும் உறைக்கவில்லை. முகவரி மாற்றக் கேட்டவர்களிடம், பழைய முகவரியில் உள்ள பக்கத்து வீட்டார் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டாரும் ஆனந்தபுரியில்தான் பக்கத்து வீட்டாராக இருந்தார்கள். ஆகவே வாக்களிக்க எல்லோரும் மணிமுற்றம் வந்தாக வேண்டும்.

வந்தார்கள். வந்தார்கள் என்பது சரியில்லை, கொண்டுவரப்பட்டார்கள். குடை வம்சம் ரதங்களை அனுப்பியது. விசிறி வம்சம் அதைவிட வேகமான ரதங்களை அனுப்பியது. கொழுத்த குதிரைகள் ஒரு மணி நேரத்தில் பறந்தன. விருந்து உண்டு என்று சொன்னதால் குழந்தைகளும் நடக்க முடியாத முதியவர்களும்கூட ஏறிக்கொண்டார்கள். மரிக்கொழுந்து முதல்முறையாக அம்மாவின் மடியில் உட்கார்ந்து பகலில் பயணம் செய்தாள். வழியெல்லாம் எதையாவது காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள். அம்சவேணி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வாக்குப் போட்டார்கள், பாயசம் குடித்தார்கள். பொழுது சாய்ந்தபோது ரதங்களைக் காணோம். வெற்றி தமக்கே என்று இரண்டு வம்சங்களும் உறுதியாக இருந்ததால், இரண்டுமே ஊர்வலத்துக்குக் குதிரைகளை ஓட்டிப்போயிருந்தன. நெடுவண்டிக் குதிரைகள் மூன்றும்கூட அலங்காரத்துக்குப் போய்விட்டன. நானூறு குடும்பங்கள் ஆற்றங்கரையில் நின்றன. விடிந்தால் வேலை நாள்.

நடந்துவிடலாம் என்றார் மாசிலாமணி. ஊர் போய்ச் சேரும்போது திரும்பிக் கிளம்ப நேரம் ஆகியிருக்கும், நாளைக்கு வண்டியும் இல்லை என்று அம்சவேணி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் மூன்றாவது புள்ளி. அவள் சுற்றிலும் பார்த்தாள். அவர்கள் வீடுகள் இருந்த இடம் இப்போது அரசரின் மகிழ்பூங்கா. அழகான பூங்கா. சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர் யாரும் இல்லாததால் அங்கே யாரும் வருவதில்லை. 'புல்லை மிதிக்காதீர்' என்ற பலகையின் கீழ் ஒரு காவலர் மட்டும் தனியே உட்கார்ந்திருப்பார்.

அம்சவேணி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். "என்னால நடக்க ஆவாது. காலைல மாவு அரைக்கணும்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. போய்ப் புல்லில் உட்கார்ந்தாள்.

காவலர் எழுந்து வந்தார். பலகையை ஒருமுறை படித்தார்.

"மிதிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. உக்காரக் கூடாதுன்னு போடல," என்றார். பிறகு தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டினார். பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. நானூறு குடும்பங்களும் உட்கார்ந்தன.

காலையில் அம்சவேணி கிளம்பும்போது நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. மரிக்கொழுந்து விழித்துக்கொண்டாள்.

"எங்கம்மா போற?"

பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை அப்படிக் கேட்டதில்லை. இங்கதான், இதோ வந்துடறேன் என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்சவேணி நடந்தாள். அரண்மனை வாசலுக்கு ஐந்து நிமிடம்தான். தாண்டவராயர் நாழிகை வட்டிலில் தண்ணீர் ஊற்ற வந்தபோது வாசலில் மொத்த ஆனந்தபுரியும் நின்றுகொண்டிருந்தது. அவர் வட்டிலைத் தட்டிப் பார்த்தார். பிறகு பேரேட்டில், தாமதம் எவருமில்லை என்று எழுதினார்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. செய்தி இளமாறனாரை எட்டியது. தேர்தலில் எந்த வம்சம் வென்றது என்று நீங்கள் கேட்கலாம். எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை, ஆனால் தூரத்துறைக்கு அவர்தான் அமைச்சர். அவர் அவையில் எழுந்து, தமது துறை தூரத்தை முற்றிலுமாக ஒழித்துவிட்டதாக அறிவித்தார். அவை மேசையைத் தட்டியது. 'ஆனந்தபுரி 0 மைல்' என்று ஒரு கல் செதுக்க ஆணை பிறந்தது.

கல்லை வண்டியில் ஏற்றிவந்த கொத்தனார் பூங்காவில் நின்று, ஆனந்தபுரி எதும்மா என்று கேட்டார். அம்சவேணி அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள்.

"இதுதான். அப்படி ஓரமா நடுங்க, புள்ளைங்க ஓடுற எடம்."

நட்டார்கள். மாலையும் போட்டார்கள். சாலையோரம் மிச்சமிருந்த நான்கு கற்களையும் பிடுங்கினார்கள். அரசாங்கமே கல் நட்டுப் பெயர் எழுதிய ஊரை அரசாங்கம் காலி செய்ய முடியாது என்று தாண்டவராயர் விதியைப் புரட்டிச் சொன்னார். மாசிலாமணி ஆற்றில் காலை நனைத்தபடி வலை பின்னத் தொடங்கினார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் சென்ற மாதம் தூரத்துறையின் அளவையாளர்கள் உப்பளத்துப் பக்கம் போனபோது, பெயரோ மைல்கல்லோ இல்லாத ஓரிடத்தில் நானூறு வீடுகள் காலியாக, நல்ல காற்றோட்டத்துடன் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இத்தனை நல்ல வீடுகள் வீணாவதை எண்ணி அமைச்சர் மிகவும் வருந்தினாராம்.

நான் மணிமுற்றத்தில் வடக்கு மதில் தெருவில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவிலும் ஏறக்குறைய நானூறு வீடுகள். இன்று காலை இருவர் வந்து வாசலை அளந்தார்கள், எத்தனை பேர் என்று கேட்டார்கள், சுவரில் சிவப்பு மையால் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார்கள். இங்கே காற்றோட்டம் போதுமா என்றும் அன்போடு விசாரித்தார்கள்.