இரண்டு முறை துள்ளிய பந்து

ஆல்டன்புரி கல்லூரி, மாசசூசெட்ஸ்
மே 1860

ஆலயத்தின் தூணும் என் நெருங்கிய பந்துவுமான ஹைரம் மாமாவின் சமூகத்திற்கு, லெமுவேல் தோல்பந்து ஒன்றைப் பற்றிப் பணிவோடு எழுதுவது. இங்கு நானும் என் பத்து விரல்களில் எட்டும் நலம். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

பேஸ்பாலை விட்டுவிட்டு மனிதனாகும்படி எழுதியிருந்தீர்கள். விடாமலே ஆகிவிட்டேன், மாமா. இந்த ஆட்டம் பையன்களை ஏமாற்றுக்காரர்களாக்குகிறது, திடலை உழுது உருளைக்கிழங்கு போடப்போகிறேன் என்று எங்கள் முதல்வர் டாக்டர் லோத்ராப் ஜெபவேளையில் அறிவித்திருந்தார். பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நடக்கும் ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் முடிவு என்று கெஞ்சி வாங்கியிருந்தோம். ஆனாலும் மாடு பூட்டிய கலப்பை முன்னதாகவே வந்து வேலியோரம் நின்றது. அதன் பக்கத்தில் அவரும் நின்றார். பந்தே வராத அந்த மூலையில்தான் கேப்டன் ஏசா பிங்காம் என்னையும் நிறுத்தியிருந்தான். "அங்க நின்னாத்தான்டா உன் வாய்க்கு மாடு மட்டும் பதில் சொல்லும்" என்றான். வராத பந்து கடைசியில் வந்தது. எங்களுக்கு ஒரு ஓட்டம் கூடுதல். அதை அடித்தவன்தான் அவர்களுக்குக் கடைசி ஆள், அவர்களில் வேறு இருவர் ஓடிக்கொண்டிருந்தார்கள். தரையில் ஒருமுறை துள்ளியதும் பிடித்தால் அவன் அவுட், இரண்டாவது துள்ளினால் ஆட்டமே போச்சு. உயர்ந்த புல்லுக்குள் பாய்ந்து பந்தோடு எழுந்தேன். நடுவருக்குத் தெரிந்ததெல்லாம் புல்தான். ஆகவே வழக்கப்படி, அருகில் நின்ற பெரியவரைக் கேட்டார். டாக்டர் லோத்ராப் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிடிச்சவனே சொல்லட்டும்" என்றார்.

நான் கலப்பையைப் பார்த்தேன்.

"ரெண்டு தடவ துள்ளிச்சுங்க ஐயா."

தோற்றோம். முறைப்படி வென்றவர்கள் கையில் பந்தைக் கொடுத்து விருந்தும் வைத்தோம். மேசையில் ஏசா உப்பைக்கூட என் பக்கம் தள்ளவில்லை. ஆனால் ஞாயிறு ஜெபத்தில், தோல்வியைக் கொடுத்து உண்மையை வாங்கிய மாணவன் என்று முதல்வர் என் பெயரைச் சொன்னார். திடல் எங்களுக்கே என்றார். கலப்பை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ஆண்டவர் உங்கள் வீட்டையும், களஞ்சியத்தையும், என்மேல் உங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் மரியாதையையும் காப்பாராக.

உண்மை தவறாத மருமகன்,
லெமுவேல்

பி.கு.: ஒரு தடவைதான் துள்ளியது. ஏசாவிடம் சொல்லிவிடாதீர்கள். நேற்று முதல்வர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். முகத்தில் சிரிப்பில்லை. "ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனைக் கணக்குல எப்படிப்பா தேத்துறது?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் வழியே திடலைப் பார்த்தபடி நடந்து போய்விட்டார்.