முதுகில் முளைத்த குடை

என் வாழ்க்கையில் வந்த ஆபத்தெல்லாம் நான் மூளையைப் பாவித்த நேரங்களில்தான் வந்திருக்கிறது. சும்மா இருந்த நாட்களில் ஒரு குறையும் வந்ததில்லை. இது எனக்கு நன்றாக உறைத்தது தர்சினியின் அப்பாவைப் பார்க்கப் போன அன்று.

தர்சினியும் நானும் பிராங்பேர்ட்டில் ஒரே அலுவலகம். கல்யாணம் செய்வதென்று இருவரும் முடிவெடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய அப்பாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. அவர் ஸ்டுட்கார்ட்டில் இருந்தார். முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்று வேலை செய்து ஓய்வு பெற்றவர், பிறகும் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு ஜெர்மன் நடைபயணச் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற மாப்பிள்ளையை நம்ப ஏலாதாம். தன்னோடு இருபத்திரண்டு கிலோமீட்டர் நடந்தால்தான் ஆள் யாரென்று தெரியுமாம். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சந்திப்புக்கு ‘டெர்மின்’ தந்தார். (நான் அதுவரை நடந்த மிக நீண்ட தூரம், எஸ்-பான் ரயில் நிலையத்திலிருந்து வீடு.)

அப்பாவுக்கு இரண்டு கையிலும் ஊன்றுதடி பிடித்து நடப்பவர்களைத்தான் பிடிக்கும் என்றாள் தர்சினி. மலையில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் என்றும் சொன்னாள். இரண்டு கையிலும் தடி என்றால் குடையை எதால் பிடிப்பது? இங்கேதான் என் மூளை விழித்துக்கொண்டது.

வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடியைக் கழற்றி, முதுகுப்பையின் வார்களுக்குள் செருகி, பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி இறுக்கினேன். அதன் உச்சியில் பெரிய கறுப்புக் குடை ஒன்றைக் கட்டினேன். கைகள் இரண்டும் சும்மா. வரவேற்பறையில் நாலு தரம் நடந்து பார்த்தேன். விளக்கு மட்டும்தான் உடைந்தது.

ஞாயிறு காலை மலையடிவாரத்தில் தர்சினியின் அப்பா அரைக்காற்சட்டையும் பெரிய சப்பாத்துமாக நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். ஒரு முகில் இல்லை.

“மழை இல்லையே தம்பி,” என்றார்.

“வெயிலுக்கு, அங்கிள்.”

அவர் என்னைத் தெரியாதவர் மாதிரி இருபது அடி முன்னே நடக்கத் தொடங்கினார். காட்டுக்குள் ஒவ்வொரு மரக்கிளையும் என்னைப் பின்னால் பிடித்து இழுத்தது. எதிரே வந்த ஜெர்மன்காரர்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். என்னைக் கண்டதும் பாதையை விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

பதினொரு மணிக்குக் காடு முடிந்து வெட்டவெளி வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. இருபது அடி பத்தடியானது, பத்தடி ஐந்தடியானது, பிறகு பார்த்தால் அங்கிள் என் தோளோடு தோளாகக் குடைக்குக் கீழே. ஜெர்மனிக்கு வந்த புதிதில் இவர் வெயிலுக்குக் குடை பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரி மழை எங்கே என்று கேட்டாளாம். அந்த வெட்கத்தில் இத்தனை வருடமும் வெயிலில் காய்ந்தாராம். எனக்கு அவரை நினைத்துப் பாவமாகவும் என் குடையை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

ஒரு குடைக்குள் இரண்டு பேர் என்றால் ஒட்டித்தான் நடக்க வேண்டும், ஒட்டி நடந்தால் கதைக்கத்தான் வேண்டும். வேலை நிரந்தரமா, சமைக்கத் தெரியுமா, கோபம் வந்தால் என்ன செய்வேன் என்றெல்லாம் கேட்டார். நடுவில் ஒரு மழையும் பெய்து ஓய்ந்தது. உச்சிக்குப் போனதும் குடையைவிட்டு வெளியே வந்து, என் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

“ஓம் தம்பி. உம்மைப் பற்றி எனக்கொரு...”

சம்மதம் சொல்லும் அந்த ‘ஓம்’ எனக்குப் போதும். எட்டு மாதம் காத்திருந்தவன். நம் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் முற்றினால் பெரியவர்களின் காலில் விழத்தான் தெரியும். கையிலிருந்த ஊன்றுதடிகளை எறிந்துவிட்டு அப்படியே குனிந்தேன்.

நான் குனிந்தால் முதுகு குனியும். முதுகு குனிந்தால் தும்புத்தடியும் குனியும். (இந்தச் சின்ன விஷயம் பொறியியலாளனான எனக்குத் தோன்றவில்லை.) குடையின் நுனி நெஞ்சில் இடிக்க, அங்கிள் பின்பக்கமாகப் போய்க் காஞ்சோன்றிப் பற்றைக்குள் இருந்துவிட்டார். பட்டாலே எரிகிற செடி, அவரோ அரைக்காற்சட்டை. நான் இன்னும் அவருடைய காலைத் தேடிக்கொண்டிருந்தேன். குடை அவரை முழுவதுமாக மூடிவிட்டது. வெயில் மட்டும் படவில்லை.

“எழும்பாதையும்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “எழும்பினா கம்பி கண்ணில குத்தும்.”

இறங்கும் வழி முழுக்க அவர் சொறிந்துகொண்டே முன்னால் போனார். தொடங்கிய வசனத்தை முடிக்கவேயில்லை. அவர் சொல்ல வந்தது நல்ல அபிப்பிராயமா, சந்தேகமா என்று நாலு நாள் நித்திரையில்லாமல் கிடந்தேன். அப்பா கதைக்கிறாரில்லை, சொறிகிறார் மட்டும் என்று தர்சினி தினமும் அறிவித்தாள். என் முட்டாள்தனத்தால் அவளை இழந்துவிட்டேன் என்று அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அவரே ஃபோன் எடுத்தார்.

“அந்தத் தடிக்கு என்னத்தால சுத்தினனீர்?”

“சைக்கிள் டியூப், அங்கிள்.”

“எனக்கும் ஒண்டு செய்யும். கலியாணத்துக்கு நாள் பார்க்க வரேக்கை கொண்டு வாரும்.”

கல்யாண மேடையில் ஆசீர்வாதம் வாங்கப் போனேன். பட்டு வேட்டி, சால்வை, கழுத்தில் மாலை. இப்போது மாமாவாகிவிட்ட அங்கிள் கையை நீட்டி என்னை நிறுத்தினார். ஒருதரம் திரும்பி நிற்கச் சொன்னார். என் முதுகைத் தடவிப் பார்த்த பிறகுதான் காலைக் காட்டினார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் இந்தச் சோதனை நடக்கிறது. என் மகளுக்கு இப்போது நாலு வயது. அம்மப்பாவைக் கும்பிடுவதென்றால் முதலில் முதுகைத்தான் காட்ட வேண்டும் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.