கையெழுத்தைப் பார்த்துத் தண்ணீர் குடிப்பவர்

என்ன சொன்னார்கள் என்று கேட்பவர்கள் ஒரு சாதி. யார் சொன்னது என்று மட்டும் கேட்பவர்கள் இன்னொரு சாதி. எங்கள் பெக்கா பள்ளத்தாக்கில் இரண்டாவது சாதி திராட்சையைவிடச் செழிப்பாக விளைகிறது. இவர்களில் ஒருவரிடம் போய், இன்று வெயில் அதிகம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் வானத்தைப் பார்க்க மாட்டார். உங்களைப் பார்ப்பார். "நீ எந்த வீட்டுப் பிள்ளைப்பா?" என்பார். வீடு தெரிந்தால் மாமன் தெரியும், மாமன் தெரிந்தால் கட்சி தெரியும், அதற்கப்புறம்தான் வெயில் அடிக்கிறதா இல்லையா என்பது முடிவாகும்.

எங்கள் ஊர் டயர் கடைக்காரர் அபூ ரயீஃப் இந்தச் சாதியில் அசல் வித்து. அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரே ஒரு சேனல் ஓடும். வானிலை அறிக்கையைக்கூடத் தன் கட்சிச் சேனலில் கேட்டால்தான் குடை எடுப்பார். சந்தை முனை மருந்துக்கடைக்காரர் எதிர்க்கட்சி, அதாவது அந்தப் பக்கத்து ஆள் என்பதால், அங்கே வாங்கிய தலைவலி மாத்திரை தனக்குத் தலைவலியை உண்டாக்கியது என்று சத்தியம் செய்வார். பொய் சொல்கிறாரா? இல்லை. நிஜமாகவே வலித்திருக்கும்.

இப்படியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் போன கோடையில் அவர் பேத்தி சல்வாவுக்கு ஒரே மாதத்தில் மூன்றாவது முறை வயிற்றுப்போக்கு. நாலு வயதுக் குழந்தை துணியாகத் துவண்டு கிடந்தது. அபூ ரயீஃபின் மனைவி விதாதுக்கு ஊர் ஊற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்மேல் சந்தேகம். ஒரு போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தாள். சாக்கடைக் கிருமி இருக்கிறது என்று தாள் வந்தது.

அபூ ரயீஃப் தாளைக் கீழிருந்து மேலாகப் படித்தார். அதாவது பரிசோதித்தவளின் கையெழுத்தைப் படித்தார்.

"ஹிந்த் சக்கூரா? மேல்தெரு சக்கூரா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அவ மாமன் போன தேர்தல்ல அந்தப் பக்கம் நின்னவன்டி."

"மாமனையா போத்தல்ல பிடிச்சுட்டுப் போனேன்? தண்ணியத்தானே கொண்டுபோனேன்."

"உனக்குத் தெரியாது. நம்ம ஊத்துமேல அவனுகளுக்கு எப்பவும் ஒரு கண்ணு."

சொன்னதோடு நிற்கவில்லை. குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்து மனைவி முன்னாலேயே மடமடவென்று குடித்தார். அன்று மாலை முழுவதும் கழிப்பறையில் இருந்தார். மத்தியானம் சாப்பிட்ட தபூலே என்ற கீரைக் கலவைதான் காரணமாம், அதில் போட்ட பார்ஸ்லிக் கீரை அந்தப் பக்கத்துக்காரன் கடையில் வாங்கியதாம்.

விதாத் வாதாடி நேரத்தை வீணாக்குகிறவள் அல்ல. அதே தண்ணீர், அதே கூடம், அதே கருவி. கையெழுத்தை மட்டும் அங்கே வேலை செய்யும் நபீஹைப் போடச் சொன்னாள். அவன் அப்பா அபூ ரயீஃபோடு கொடி பிடித்தவர். அதே கிருமி என்றுதான் தாள் வந்தது.

"பாத்தியா, நம்ம நபீஹ். இதுதான் அறிவியல்ங்கிறது," என்றார் அபூ ரயீஃப். மறுநாளே தெருத் தெருவாகப் போய், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று எச்சரித்தார். சல்வா தேறி எழுந்து ஓடத் தொடங்கினாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வியாதியை ஒப்புக்கொண்டால் வைத்தியத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே, அங்கேதான் வினை. ஊற்றடியில் குளோரின் கலக்கும் இயந்திரம் வைக்கப்போவதாக நகராட்சித் தலைவர் அறிவித்தார். அவர் அந்தப் பக்கத்தவர். இயந்திரத்தின்மேல் அவர்கள் கட்சித் தலைவரின் படத்தையும் ஒட்டுவார்களாம். அன்று சாயங்காலமே கடை வாசலில் அபூ ரயீஃப் காப்பியும் கையுமாகப் புதிய ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்.

"நபீஹ் சின்னப் பையன்யா, அவசரப்பட்டுட்டான். நம்ம பாட்டன் பூட்டன் குடிச்ச தண்ணி இது. கொஞ்சம் கிருமி உடம்புக்கு உரம். மிஷின் கிஷின் ஒண்ணும் வேணாம்னு மனு எழுதியிருக்கேன், கையெழுத்துப் போடுங்க எல்லாரும்."

நாற்பது பேர் போட்டார்கள். அதற்கப்புறம் ஊற்றடிக்கு இயந்திரம் வரவே இல்லை.

கையெழுத்து வாங்கிய அன்றே, மனுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, சல்வா முக்காலிமேல் ஏறிக் குழாயில் தண்ணீர் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அபூ ரயீஃப் பாய்ந்து தட்டிவிட்டார். கோப்பை சுவரில் மோதிச் சில்லுச் சில்லாகியது. குழந்தை வீறிட்டது.

"என்னங்க இது?" என்றாள் விதாத். "இப்பத்தானே உரம்னு சொல்லிட்டு வந்தீங்க?"

அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது ஊருக்குச் சொன்னதுடி."

அந்த நாற்பது வீடுகளிலும் குழந்தைகள் இருக்கின்றன. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நீங்களோ இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அபூ ரயீஃப் எந்தக் கட்சி என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. உங்களுக்குப் பிடிக்காத கட்சிதான் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள்.